எந்த வானொலி சொன்னது?

கொழும்பில் வானொலி நிலையம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது 1925ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 16ஆம் நாள். 2025 டிசெம்பருடன் அதற்கு நூறு ஆண்டுகள். மவுண்ட் வெல்லிங்டனிலும் அதனை அண்டிய பன்மியூர், பென்ரோஸ் பகுதிகளிலும் வாழ்கின்ற எம்மவர்களுள் ஐம்பது வயதைக் கடந்த எவரிடமும் "இலங்கை வானொலி" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் முகம் மலரும். பழைய அறிவிப்பாளர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். சிறிது நேரத்தில் பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிடும். 1983 வரும், மின்சாரம் இல்லாத இரவுகள் வரும், சைக்கிள் டைனமோ வரும். அந்த மலர்ச்சிக்கும் அதன் பின் வரும் மௌனத்திற்கும் காரணமான வரலாறு ஒன்றுதான். இந்நாட்டில் வளரும் எமது பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத்தில் கிடைக்கப்போவதில்லை. ஆசிரியத் தொழிலை விட்டு ஆண்டுகள் பலவாயினும் அந்தக் கடமையை முற்றாகக் கைவிட மனம் வராமையால் இதனை எழுதுகின்றேன்.

எட்வேர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர் 1921இல் இலங்கைத் தந்தி அலுவலகத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்து சேர்ந்தார். முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் பாகங்களைக் கொண்டு, மத்திய தந்தி அலுவலகத்தின் சிறியதோர் அறையிலிருந்து 1923இல் இசைத்தட்டுக்களை ஒலிபரப்பிப் பார்த்தார். ஐரோப்பாவில் ஒலிபரப்பு அரும்பிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அந்த முயற்சியின் வளர்ச்சியையே இரண்டு ஆண்டுகளின் பின் ஆளுநர் சேர் ஹியூ கிளிபோர்ட் திறந்து வைத்தார். போர்க்கருவி ஒன்றின் எச்சத்திலிருந்து பிறந்தது எங்கள் வானொலி.

மற்றொரு போர் அதனைக் கடல்கடந்த வானொலியாக்கியது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். பர்மா முதலிய களங்களில் நின்ற படையினருக்குச் செய்தியும் பாட்டும் அனுப்புவதற்கென 'ரேடியோ சீயாக்' என்ற ஒலிபரப்பு இலங்கையில் ஏற்படுத்தப்பட்டது. அதற்காக 100 கிலோவாற் வலுவுள்ள சிற்றலைப் பரப்பி ஒன்று கொழும்புக்கு வடக்கேயுள்ள ஏக்கலையில் நிறுவப்பட்டது. அப்பெரும் பரப்பி 1946இல் இயங்கத் தொடங்கியபோது போர் முடிந்துவிட்டது. 1949இல் நிலையம் முழுவதும் சுதந்திர இலங்கையின் அரசாங்கத்திடம் கையளிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்தோபர் முதலாம் நாள் 'ரேடியோ சிலோன்' தனியொரு திணைக்களமாயிற்று. சின்னஞ்சிறிய நாடொன்று, போர் விட்டுச்சென்ற மிகப்பெரிய குரலொன்றுக்கு உரிமையாளராயிற்று.

சிற்றலையின் இயல்பைப் பிள்ளைகளுக்காக இவ்விடத்திற் சிறிது விளக்குதல் நன்று. உள்ளூர் வானொலியின் மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டிச் செல்லும். தூரம் செல்லச் செல்ல அடங்கிவிடும். சிற்றலையோ மேல்நோக்கிச் சென்று, பூமிக்கு மேலே நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள அயனமண்டலத்திற் பட்டு, கண்ணாடியில் விழுந்த ஒளிபோல மீண்டும் நிலத்துக்குத் திரும்புகின்றது. நிலத்திலும் கடலிலும் பட்டு மறுபடி எழும். இப்படித் துள்ளித் துள்ளியே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடக்கும். அயனமண்டலம் சூரிய ஒளிக்கேற்ப மாறுவதால் பகலுக்கு ஓர் அலைவரிசை, இரவுக்கு இன்னொன்று. ஒலி ஏறியும் இறங்கியும், கடலலை கரைக்கு வந்து போவதுபோலக் கேட்பதற்கும் இதுவே காரணம். எல்லையில் நிற்கும் காவலரால் இந்த அலையைத் தடுத்து நிறுத்த முடியாது. வேறோர் இரைச்சலை அதே அலைவரிசையில் ஏவிக் குழப்பலாம்; அதற்கும் பெருஞ்செலவு வேண்டும். சென்ற நூற்றாண்டில் அரசுகள் சிற்றலையை விரும்பியதும் அஞ்சியதும் இதனாலேயே.

ரேடியோ சிலோன் தனது பெருங்குரலை முதலில் வணிகத்துக்குப் பயன்படுத்தியது. 1950 செப்தெம்பர் 30ஆம் நாள் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. அதனை நடத்தியவர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபோர்ட் டொட். இரண்டு ஆண்டுகளின் பின் இந்தியாவிலே தகவல், ஒலிபரப்பு அமைச்சராகிய பி.வி. கேஸ்கர், திரைப்படப் பாடல்கள் இரசனையைக் கெடுப்பவை என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றை ஒடுக்கினார். இந்திய மக்களோ பாட்டை விடவில்லை. வானொலியின் முள்ளைத் திருப்பினார்கள். பம்பாயில் அமீன் சயானி ஒலிப்பதிவு செய்த 'பினாக்கா கீத்மாலா' நாடாக்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, ஏக்கலையிலிருந்து சிற்றலையேறி, மீண்டும் இந்தியாவின் வீதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தன. 1957 ஒக்தோபரில் 'விவித பாரதி' தொடங்கப்பட்டதற்கு இந்தப் போட்டியே முதன்மையான காரணம். இந்தியாவைப் போன்ற பெரிய நாடு தன் கொள்கையை மாற்றிக்கொள்ளும்படி எங்கள் சின்னஞ்சிறு தீவின் வானொலி செய்தது.

தமிழ் வர்த்தக சேவையின் முன்னோடி எஸ்.பி. மயில்வாகனன். தமிழகத்தின் தெற்கு மாவட்டங்களிலே அவருடைய குரலை அறியாத தெரு அக்காலத்தில் இருக்கவில்லை. அவரைத் தொடர்ந்து ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத், பிற்காலத்திற் கொலையுண்ட கே.எஸ். ராஜா என்று ஒரு பரம்பரையே உருவாயிற்று. சானா என்று அறியப்பட்ட சண்முகநாதனும் சில்லையூர் செல்வராசனும் வானொலி நாடகத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தார்கள். எங்கள் வீட்டில் இருந்தது பெரிய வால்வு வானொலி. இரண்டு தென்னை மரங்களுக்கிடையே ஏரியல் கம்பி கட்டியிருந்தோம். ஆண்டுதோறும் அதற்கு அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். ஐயா அதனை உறுதிப்பத்திரங்களோடு சேர்த்துப் பெட்டகத்தில் வைத்திருப்பார். காலையில் 'பொங்கும் பூம்புனல்' தொடங்கினால் நான் பாடசாலைக்குப் புறப்பட வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். கடிகாரம் எங்கள் வீட்டில் இருந்தது. ஆயினும் அம்மா கடிகாரத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

கலைப்பட்டதாரியாகவும் தமிழ் கற்பித்தவனாகவும் நான் அந்த வானொலிக்கு மற்றொரு நன்றியும் சொல்லக் கடமைப்பட்டவன். எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு என்று பிரிந்து கிடக்கும் எமது மொழியிலே, எல்லா ஊரவர்க்கும் விளங்குவதும் காதுக்கு இனியதும் ஆகிய ஒரு மேடைத்தமிழை நாளாந்தம் பேசிக் காட்டியவர்கள் அந்த அறிவிப்பாளர்கள். லகர ளகர ழகரங்களை மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது வானொலியைக் கேளுங்கள் என்று சொன்னால் போதுமானதாக இருந்தது. 1996இல் நாங்கள் கடல் கடந்து தமிழகம் சென்றபின், திருச்சியில் ஒரு தேநீர்க் கடையில் நான் பேசியதைக் கேட்ட முதிய கடைக்காரர், "ஐயா, நீங்க சிலோன் ரேடியோவுல பேசுற மாதிரியே பேசுறீங்களே" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். அகதி அடையாள அட்டையை மட்டுமே சட்டைப்பையில் வைத்துத் திரிந்த ஒருவனுக்கு அந்த ஒரு வாக்கியம் என்னவாக இருந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இவையெல்லாம் மலர்ச்சிக்கான காரணங்கள். மௌனத்திற்கான காரணம், அந்தக் குரலின் உரிமையாளர் யார் என்பதிலே தங்கியிருக்கின்றது. திணைக்களமாக இருந்த ரேடியோ சிலோன் 1967 ஜனவரி 5ஆம் நாள் கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் நாடு குடியரசானபோது அதன் பெயர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்றாயிற்று. பெயர்கள் மாறினவேயன்றி, செய்தியைப் பொறுத்தவரை அது அரசின் வாய் என்ற நிலை மாறவில்லை. பாட்டைத் தெரிவு செய்தவர்கள் கலைஞர்கள். செய்தியைத் தெரிவு செய்தது ஆட்சி. ஒரே கட்டடத்தில், ஒரே மொழியில், சில வேளைகளில் ஒரே குரலில் இரண்டும் வந்தன. கேட்பவர்கள் முதலாவதைக் கொண்டு இரண்டாவதையும் நம்பினார்கள்.

1983 யூலை 23ஆம் நாள் இரவு திருநெல்வேலியில் படையினர் பதின்மூவர் தாக்குதலிற் கொல்லப்பட்ட செய்தி நாடு முழுவதும் ஒலித்தது. மறுநாள் யாழ்ப்பாணத்தில் படையினராற் கொல்லப்பட்ட பொதுமக்களைப் பற்றி அரசின் செய்திகள் வாய்திறக்கவில்லை. கொழும்பு எரிந்தது, செய்தித் தணிக்கை நடைமுறையில் இருந்தது. யூலை 28ஆம் நாள் நாட்டு மக்களுக்கு உரையாற்றிய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தன, உயிரும் உடைமையும் இழந்த தமிழ் மக்களுக்கு ஓர் ஆறுதற் சொல்லேனும் கூறவில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கொழும்பிலிருந்த சிறிய தந்தையாரைப் பற்றி எதுவும் தெரியாமல் ஐயா இரவிரவாக வானொலியின் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தார். எண்ணற்ற தமிழ் வீடுகளில் அந்த ஒரு கிழமைக்குள் முள் இடம் மாறியது. பாட்டுக்குக் கொழும்பு, செய்திக்கு இலண்டன் என்ற பிரிவினை அன்று தொடங்கி நிலைத்தது.

இலண்டனின் கதையையும் சொல்லவேண்டும். பி.பி.சி. தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது 1941 மே 3ஆம் நாள், அதுவும் போர்க்காலம், பேரரசின் தேவைக்காகவே அது தோன்றியது. அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம். கொழும்பு வானொலியில் தமிழ் நிகழ்ச்சிகளை வளர்த்தவரும், 1954இல் வெளிவந்த 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலை எழுதியவரும் அவரே. ஆக, நாங்கள் கொழும்பை விட்டு இலண்டனுக்கு முள்ளைத் திருப்பியபோதும் எங்களூர் மனிதர் ஒருவர் வைத்த பெயரையே கேட்டோம். பி.பி.சி. உலகசேவைக்கான பணம் 2014 வரை பிரித்தானிய வெளிவிவகார அமைச்சின் வழியாகவே வந்தது. உரிமையாளர் இல்லாத வானொலி உலகில் இல்லை. உரிமையாளருக்கும் செய்தி ஆசிரியருக்கும் இடையில் எவ்வளவு உயரமான மதில் இருக்கின்றது என்பதே வேறுபாடு.

சிற்றலை எத்துணை பெரிய விடயம் என்பதற்கு ஒரு சான்று கூறுகின்றேன். 1987 யூலை 29ஆம் நாள் ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனவும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தை எல்லாரும் அறிவோம். அதனுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில், இலங்கையில் வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்கள் அமைக்கும் நிலையங்கள் ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்படவேண்டும், படைத்துறைக்கோ உளவுக்கோ பயன்படலாகாது என்ற உறுதிமொழியும் இருந்தது. 'அமெரிக்காவின் குரல்' இலங்கையில் அமைக்க முனைந்த பெரிய சிற்றலை நிலையமே இந்தியாவின் கவலைக்குக் காரணம். திருகோணமலையில் ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எங்கள் உயிரைப் பற்றிய ஒப்பந்தத்தின் ஓரத்திலும் வல்லரசுகளின் வானொலிக் கோபுரங்கள் நின்றன.

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலிலே பற்றரியும் இருந்தது. அக்காலத்திற் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். டைனமோ தரும் மின்னோட்டம் முன்னும் பின்னும் மாறி ஓடுவது. வானொலிக்கு ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம் வேண்டும். அதற்காக டயோட்டுக்களும் கொண்டென்சரும் இணைத்த சிறிய பெட்டியொன்றை வானொலி திருத்துபவர்கள் செய்து கொடுத்தார்கள். சுழற்சி குறைந்தால் குரல் அமுங்கும், மிகுந்தால் இரையும். எனவே ஒரே சீராகச் சுழற்றத் தெரிந்த பையன் ஒவ்வோர் ஒழுங்கையிலும் மதிப்புக்குரியவனாக இருந்தான். இரவு ஒன்பதே காலுக்குத் தமிழோசை. பத்துப் பன்னிரண்டு பேர் முற்றத்தில் இருப்பார்கள். அரை மணி நேரம் எவரும் இருமுவதுகூட இல்லை.

அக்காலத்தில் எங்கள் காதுக்கு எட்டியவை நான்கு வகை வானொலிகள். கொழும்பு அரசினுடையது, 1990இன் பிற்பகுதியில் தொடங்கிய 'புலிகளின் குரல்' இயக்கத்தினுடையது, டில்லியும் திருச்சியும் இந்திய அரசினுடையவை, தமிழோசை இலண்டனுடையது. ஒரே சண்டையில் இறந்தவர்களின் தொகை நான்கு இடத்திலும் நான்காக வரும். எழுதப் படிக்க அதிகம் அறியாத என் அம்மா இதற்கு ஒரு முறையை வகுத்து வைத்திருந்தார். யாராவது ஓடிவந்து செய்தி சொன்னால், "எந்த றேடியோ சொன்னது, தம்பி?" என்பார். பதில் வந்ததும், "அவை அப்பிடித்தான் சொல்லுவினம். மற்றவையும் சொல்லட்டும்" என்பார். தன் பக்கத்துக்கு இழப்பு என்று ஒருவர் தாமே ஒப்புக்கொண்டால் அதனை உடனே நம்புவார். மறுபக்கத்துக்கு இழப்பு என்று சொன்னால் பாதியாக வகுப்பார். பல்கலைக்கழகத்தில் வரலாற்று மூலங்களை மதிப்பிடும் முறை பற்றி நான் படித்த நீண்ட விரிவுரைகளின் சாரம் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கியிருந்தது.

ஆசிரிய நியமனம் கிடைத்தபின் அம்மாவின் முறையை நான் வகுப்பறைக்கு எடுத்துச் சென்றேன். பழைய கொப்பிகளின் பின்தாள்களில் மாணவர்கள் நான்கு பத்தி கீறி, ஒரே நிகழ்வை எந்த வானொலி எப்படிச் சொன்னது என்று எழுதி வருவார்கள். எந்தச் சொல்லை யார் பயன்படுத்தினார், எதனை யார் சொல்லாமல் விட்டார் என்று சேர்ந்து பார்ப்போம். அந்தப் பயிற்சி எல்லாருக்கும் உவப்பானதாக இருக்கவில்லை. நிறுத்திவிடும்படி நயமாகவும் பின்னர் நயமின்றியும் சொல்லப்பட்டது. மாணவர்களோ விடவில்லை. தாள் இன்றி வாயாலேயே செய்தார்கள். 1995 ஒக்தோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அம்மா தன் கையில் எடுத்தவை இரண்டு: சேலைத் தலைப்பிற் சுற்றிய உறுதிப்பத்திரங்களும் அந்தச் சிறிய வானொலியும்.

அந்த முறைக்கு மிகக் கடினமான சோதனை நேர்ந்தது இந்த மவுண்ட் வெல்லிங்டனில்தான். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்கள். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவருடைய தங்கையும் தங்கையின் குடும்பமும் வன்னியில் இருந்தார்கள். நான் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும்போது அவர் உறங்காமல் கணினிக்கு முன்னால் இருப்பார். அவ்வாண்டு பெப்ரவரியில், தன் தமிழ், சிங்களச் செய்திகள் இடைமறிக்கப்படுகின்றன என்று கூறி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வழியாகப் பண்பலையில் வழங்கிவந்த ஒலிபரப்பைப் பி.பி.சி. நிறுத்திக்கொண்டது. சிற்றலையில் மட்டும் தமிழோசை தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது. பொதுமக்கள் கொல்லப்படவில்லை என்று அரசு சொன்னது. இணையத்தளங்கள் வேறு தொகைகளைச் சொல்லின. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு, நாற்பதாயிரம் வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று கூறியது 2011இல். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மே மாதம் முடிந்தபின் எங்கள் சமூகத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு செய்தி உலாவியது. இறந்தவர் இருக்கின்றார் என்றும், இருப்பவர் இறந்துவிட்டார் என்றும் தொலைபேசிகள் சொல்லின. "உன்ரை சின்னம்மா இல்லையாம் எண்டு ஆரோ சொன்னவை" என்று ஒரு நாள் அம்மா என்னிடம் கூறினார். நான் வாய் திறப்பதற்குள் அவரே, "ஆர் சொன்னது எண்டு கேட்டனான். ஒருத்தருக்கும் தெரியேல்லை. அப்ப நான் அழமாட்டன்" என்றார். அழவில்லை. ஆவணி மாதத்திற் செட்டிகுளம் முகாமிலிருந்து சின்னம்மாவே பேசினார். அவர் உயிருடன் இருந்தார். அவருடைய மகன் இல்லை. சொன்னவர் பெற்ற தாய். அன்று அம்மா அழுதார்.

இந்நாட்டிலும் அரசின் நிதியில் இயங்கும் சிற்றலை வானொலி ஒன்று உண்டு என்பதை எம்மவரிற் பலர் அறியார். நியூசிலாந்து 1948 செப்தெம்பர் 27ஆம் நாள் வெல்லிங்டனுக்கு அருகே திதாகி விரிகுடாவிலிருந்து கடல்கடந்த ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்குப் பயன்பட்டவை, அமெரிக்கப் படைகள் போர்க்காலத்தில் விட்டுச்சென்ற 7.5 கிலோவாற் பரப்பிகள் இரண்டு. கொழும்பைப் போலவே இங்கும் போரின் எச்சம்! 1990 ஜனவரி 24ஆம் நாள், ஒக்லாந்தில் பொதுநலவாய விளையாட்டுக்கள் தொடங்கிய அன்று, தௌப்போவுக்கு அப்பாலுள்ள ரங்கிதைக்கியில் 100 கிலோவாற் பரப்பியுடன் அது புத்துயிர் பெற்றது. 2017இலிருந்து அதன் பெயர் 'ஆர்.என்.இசட். பசிபிக்'. நிகழ்ச்சி தொடங்குமுன் இந்நாட்டின் மணிப்பறவை கூவும் ஒலியை அது ஒலிக்கச் செய்யும். 2017 ஜனவரியில் அவுஸ்திரேலியா தனது சிற்றலையை மூடிவிட்டது. நியூசிலாந்து மூடவில்லை, 2022இல் புதிய பரப்பிக்குப் பணம் ஒதுக்கி 2024இல் அதனை இயங்கச் செய்தது.

அதன் தேவையை எனக்கு உணர்த்தியவர் பக்கத்து வீட்டிலிருந்த தொங்கா நாட்டுப் பெண்மணி. 2022 ஜனவரி 15ஆம் நாள் தொங்காவிற் கடலடி எரிமலை வெடித்து, வெளியுலகுடன் இணைத்த கடலடிக் கம்பியும் அறுந்தது. அதனைச் சீர்செய்ய ஏறக்குறைய ஐந்து வாரங்கள் சென்றன. முதல் நாட்களில் இங்குள்ள தொங்கா மக்கள் எவருக்கும் தம் பெற்றோர் இருக்கின்றார்களா என்று தெரியவில்லை. அப்பெண்மணி வேலியோரம் தொலைபேசியைக் கையில் வைத்தபடி நின்றார். 1983இல் ஐயாவின் முகத்தையும் 2009இல் அம்மாவின் முகத்தையும் அவர் முகத்திற் கண்டேன். அந்நாட்களில் தீவுகளுக்குத் தொலைபேசியும் இணையமும் போகவில்லை, சிற்றலை போயிற்று. ஆர்.என்.இசட். ஒலித்துக்கொண்டிருந்தது, பி.பி.சி.யும் தொங்காவை நோக்கிச் சிறப்பு ஒலிபரப்புச் செய்தது. கம்பி அறுந்தாலும் வானத்தை எவராலும் அறுக்க முடியாது என்று அவருக்கு நான் சொன்னேன். அவர் ஒரு தட்டு நிறையக் கிழங்கு அவித்து அனுப்பினார்.

பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் நாள் தன் இறுதி வானொலி நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. எழுபத்தாறு ஆண்டுக்காலம் நிறைவுற்றது. அம்மா அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசியில் உலகம் முழுவதும் இருக்கின்றது. நாங்கள் சைக்கிள் பெடல் சுற்றிப் பெற்ற அரை மணி நேரத்தை எண்ணினால் அவர்கள் பேறு பெற்றவர்கள். ஆயினும் ஒரு வேறுபாட்டை அவர்கள் அறியவேண்டும். எங்கள் நான்கு வானொலிகளும் தம் பெயரைச் சொல்லிவிட்டே பேசின. யார் பணத்தில், யார் சார்பில் பேசுகின்றார்கள் என்பதை நாங்கள் அறிந்திருந்தோம்; அதற்கேற்பக் கழித்தும் கூட்டியும் கேட்டோம். தொலைபேசியில் வருகின்ற காணொளிகளிற் பல, ஊர் பேர் சொல்லாமலே வருகின்றன. எங்கள் ஊரைப் பற்றியும், எங்கள் போரைப் பற்றியும், எங்கள் இறந்தவர்களைப் பற்றியும் அவை சொல்வதையே எங்கள் பேரப்பிள்ளைகள் வரலாறு என்று கொள்ளப்போகின்றார்கள்.

ஆகவே குடும்பத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை மதிய உணவின் பின் ஒரு செய்தியை எடுங்கள். இலங்கையைப் பற்றியதாகவோ இந்நாட்டைப் பற்றியதாகவோ இருக்கலாம். அதனை மூன்று இடங்களில் எப்படிச் சொல்லியிருக்கின்றார்கள் என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். யார் சொன்னது, யாருடைய பணம், தமக்குப் பாதகமானதை ஒப்புக்கொள்கின்றார்களா, எதனை விட்டுவிட்டார்கள் என்ற நான்கு கேள்விகளையும் தாளில் எழுதிக் கொடுங்கள். அரை மணி நேரம் போதும். என் பேத்திக்கு வயது ஏழு. சென்ற கிழமை அவளுடைய வகுப்பில் ஒரு சிறுவன், பின்னால் நிற்கும் மவுங்காரேய் மலை மறுபடி வெடிக்கப் போகின்றது என்று சொல்லி எல்லாரையும் அழவைத்தானாம். இவள் மட்டும் அவனிடம் "யார் சொன்னது?" என்று கேட்டாளாம். ஆசிரியை அதனைத் தொலைபேசியில் எங்களுக்கு அறிவித்தார். ஆங்கிலத்திற்தான் கேட்டிருக்கின்றாள், அதனாற் குறையொன்றுமில்லை.